மலையேறினால் கரி கக்கும் பழைய கார்: கேள்வி பதில்

கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) உள்ள வண்டி ரிச்சாக, அதாவது காற்றுக்குப் பெட்ரோல் மிஞ்சி, ஓடுவதைப் பற்றி மட்டும் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஊட்டி: அண்ணே, பத்மினி கார் வைத்திருக்கிறேன். கோவையில் நன்றாக ஓடியது. இங்கே வந்ததும் இழுவை இல்லை, சைலன்சரில் கரும்புகை. கார்புரேட்டரில் கலவையைத் திருத்தும் மிக்சர் ஸ்க்ரூவை இறுக்கலாமா?

தம்பி, ஸ்க்ரூவில் கை வைக்காதீர்கள். இங்கே 2200 மீட்டருக்கு மேல், காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். அதனால் இழுவை குறைவது எந்த வண்டிக்கும் உள்ளது. காற்று மெலிந்தது கார்புரேட்டருக்குத் தெரியாது, பெட்ரோலை அந்த அளவுக்குக் குறைக்காது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்று என்று கீழே இருந்தது இங்கே 13 பக்கம் வந்துவிடும். ஆனால் 13-க்குக் கெட்டியான கரும்புகை வராது. மலை கொஞ்சம்தான் ரிச் ஆக்கும், மிச்சம் வண்டிக்குள் இருக்கிற கோளாறு.

இரண்டையும் பிரிக்க ஒரு வழி: பிளக்குகளைச் சுத்தம் செய்துகொண்டு மேட்டுப்பாளையம் இறங்குங்கள். அங்கே மாட்டி, சமவெளியில் நன்றாக ஓட்டி, ஐட்லிங்கில் (வண்டி நின்றபடி இன்ஜின் ஓடுவது) நிற்கவிடாமல் ஓரங்கட்டி உடனே அணைத்துக் கழற்றிப் பாருங்கள். பீங்கான் மூக்கு வெளிர் காப்பி நிறத்தில் இருந்தால் கார்புரேட்டர் சரி. அங்கேயும் விரலில் ஒட்டும் காய்ந்த கரி இருந்தால் முதலில் சோக் தகடு (குளிரில் ஸ்டார்ட் செய்யக் காற்றை மறைப்பது) முழுசாகத் திறக்கிறதா என்று பாருங்கள், கேபிள் துருப்பிடித்துப் பாதியில் நிற்கும். அப்புறம் ஃப்ளோட்டை (கார்புரேட்டரில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை) கழற்றிக் காதருகே குலுக்குங்கள்; உள்ளே பெட்ரோல் சளசளத்தால் அது ஓட்டை, கனத்து அமிழ்ந்து லெவலை ஏற்றிவிட்டது. இல்லையென்றால் பெட்ரோல் வரத்தை அடைக்கும் நீடில் வால்வு தேய்ந்திருக்கும்.

கோத்தகிரி: அம்பாசிடர். ஒரே ஒரு பிளக் மட்டும் கருப்பு.

அதற்குக் காரணம் கார்புரேட்டர் இல்லை. ஒரே கார்புரேட்டர்தான் நாலு சிலிண்டருக்கும் ஊட்டுகிறது. கரி காய்ந்திருந்தால் அந்தப் பிளக்கையும் ஒயரையும் மாற்றிப் பாருங்கள், எண்ணெய்ப் பிசுக்கு என்றால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு கைடு தேய்ந்து எண்ணெய் உள்ளே வருகிறது.

குன்னூர்: மாருதி 800, கரும்புகை. ஸ்க்ரூவை எத்தனை சுற்று வைக்க?

முதல் பதிலைப் படியுங்கள். அந்த ஸ்க்ரூ ஐட்லிங்குக்கு, ஏற்றத்தில் வரும் புகைக்கு அதனால் பயனில்லை.

கூடலூர்: ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டால் போதுமே சார், இங்கே நிறைய பேர் அப்படித்தான் ஓட்டுகிறோம்.

வேண்டாம். அடைத்த ஃபில்டர் ரிச் ஆக்கும், உண்மை. அதற்குப் புது ஃபில்டர் போட வேண்டும்.

கூடலூர்: கழற்றினால் மைலேஜே கூடுகிறது!

கூடுகிறது என்றால் பழைய ஃபில்டர் அடைத்திருந்தது என்று அர்த்தம், புதுசு போட்டாலும் அதே கூடும். எஸ்டேட் மண்சாலையில் முன்னால் போகும் ஜீப் கிளப்பும் தூசி அப்படியே சிலிண்டருக்குள் போகிறது. அது மணல், சிலிண்டரின் உள்சுவரை அராவும். கம்ப்ரஷன் போன பிறகு நீங்கள் மிச்சம் பிடித்த பெட்ரோலைப் போலப் பல மடங்கு ரீபோருக்கு (சிலிண்டரை மறுபடி கடைவது) போகும். நிறைய பேர் செய்வதால் அது சரியாகாது.

வெலிங்டன்: கரும்புகை வருகிறது, என்ன செய்வது?

சோக், ஃப்ளோட், நீடில், ஃபில்டர். மேலே இருக்கிறது.

குன்னூர்: ஊட்டிக்கு ஏற்றபடி சின்ன ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளை) போடலாமா?

மலையிலேயே ஓடும் வண்டிக்குப் போடலாம். அதே ஜெட்டோடு கோவைக்கு இறங்கினால் லீன் ஆகி (காற்றுக்குப் பெட்ரோல் குறைந்து) சூடேறும், வால்வு கருகும். வாரம் ஒருமுறை இறங்குபவர் போடக் கூடாது.

கோத்தகிரி: புகை இருந்தால் இருக்கட்டும், ஓட்டலாம்தானே?

ஓட்டாதீர்கள். இன்ஜின் எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை அடித்தால் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவி எண்ணெயில் இறங்குகிறது. கோளாறைச் சரிசெய்து எண்ணெயையும் மாற்றிவிட்டு எடுங்கள்.

ஊட்டி: கார்புரேட்டர் இல்லாத இன்ஜெக்ஷன் வண்டிக்கும் இதேதானா?

இல்லை, அது காற்றைச் சென்சாரால் அளந்து பெட்ரோலைத் தானே குறைத்துக்கொள்ளும். புகைந்தால் ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் போங்கள்.