டேனியல் வரைந்த மகால் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் ஒரு திருமணத்துக்காக மதுரை போயிருந்தேன். தங்கிய விடுதியின் வரவேற்பறையில் ‘மதுரை அரண்மனை – டேனியல், 1798’ என்று ஒரு பழைய படம் மாட்டியிருந்தார்கள். இடிந்த கட்டடம், சுவரில் செடி முளைத்திருக்கிறது. மறுநாள் திருமலை நாயக்கர் மகாலுக்குப் போனால், ஒரு செங்கல்கூடப் பெயராமல் பளிச்சென்று நிற்கிறது. நம் கட்டடங்களை வெள்ளைக்காரர்கள் வேண்டுமென்றே பாழடைந்ததாகக் காட்டினார்களா? இந்த ஓவியங்களை நம்பலாமா?

– ஒரு வாசகர், தஞ்சாவூர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் சந்தேகப்பட வேண்டியது படத்தை அல்ல, அந்தப் பளபளப்பை.

1636 வாக்கில் எழுந்த அரண்மனையில் நாம் இன்று டிக்கெட் வாங்கிப் பார்ப்பது ஒரு பகுதிதான். திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாதர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது பலவற்றைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார். கேட்பாரற்றுக் கிடந்த மிச்சத்தைத்தான் 1792-ல் ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் வந்து பார்த்தார்கள். மகால் செப்பனிடப்பட்டது 1866-க்குப் பிறகு, சென்னை கவர்னர் நேப்பியர் பிரபுவின் முயற்சியால். அவர்கள் பார்த்தது இடிபாட்டை, வரைந்ததும் அதையே.

கட்டடத்தின் கோடுகளில் அவர்கள் கறாரானவர்கள். லென்ஸ் வழியாகக் காட்சியைத் தாளில் விழவைக்கும் இருட்டுப் பெட்டி ஒன்றைக் கூடவே சுமந்து திரிந்தார்கள். விழுந்த பிம்பத்தின் மேல் பென்சிலை ஓட்டினால் வளைவின் அகலமும் தூணின் உயரமும் பிசகாது. ஆனால் செம்புத் தகட்டில் செதுக்கியதும் அச்சிட்டதும் வண்ணம் தீட்டியதும் பிறகு லண்டனில். 1795 முதல் 1808 வரை 144 படங்கள். மேகத்தை எங்கே வைப்பது, முன்னால் யாரை நிற்கவைப்பது என்பதெல்லாம் அந்த மேஜையில் மாறக்கூடியவை. நான் அந்தப் படங்களில் கல்லை நம்புவேன், ஆட்களை அவ்வளவாக நம்பமாட்டேன்.

உங்கள் சந்தேகத்திலும் கால்வாசி நியாயம் உண்டு. இடிபாடு என்றால் அன்றைய இங்கிலாந்துக்குக் கொள்ளை ஆசை. ஆனால் தங்கள் பக்கத்து வேல்ஸில் இருக்கும் டின்டர்ன் என்ற பழைய கிறிஸ்தவ மடாலயத்தையும், கூரை போய்க் கொடி படர்ந்த கோலத்தில், வரைந்து தள்ளினார்கள். நம்மை மட்டம்தட்டவே செய்தார்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சாட்சிக்கு இன்னொருவரையும் கூப்பிடலாம். 1858-ல், செப்பனிடும் வேலைக்கு முன்பே, லினேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி மதுரையைப் புகைப்படம் எடுத்தார். (உங்கள் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒட்டியவரும் இவரே. அந்தப் பொறுமைக்காகவே எனக்கு இவரை மிகவும் பிடிக்கும்.) கேமரா ஆயிற்றே, பொய் சொல்லாது என்பீர்கள். அன்றைய காகித நெகட்டிவிலிருந்து படம் அச்சிட்டால் வானம் வெறும் வெள்ளையாகத்தான் விழும். அது பிடிக்காமல் டிரைப் பிரஷ்ஷை எடுத்து, நெகட்டிவிலேயே மேகங்களைத் தீட்டினார்! மதுரை வானத்தைப் பொறுத்தவரை டேனியலையும் நம்ப வேண்டாம், இவரையும் நம்ப வேண்டாம்.

ஒரு செங்கல்கூடப் பெயரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மகாலின் தூண்களில் கை எட்டும் உயரம்வரை காதலர் பெயர்களையும் அம்பு தைத்த இதயங்களையும் சுண்ணாம்பில் கீறி வைத்திருக்கிறார்களே, கண்ணில் படவில்லையா? டேனியல் படத்தில் அவை இல்லை.