டெனரிலிருந்து பாஸ் டிராம்போனுக்கு மாறுகிறேன். கீழ் ஸ்வரங்கள் நன்றாக வர, இருப்பதிலேயே பெரிய மவுத்பீஸை வாங்கலாமா?

வேண்டாம். பாக் (Bach) கம்பெனியின் 1½ஜி அளவில் தொடங்குங்கள்.

நானும் டெனரில் அதே கம்பெனியின் 5ஜி மவுத்பீஸ் வைத்து வாசித்துவிட்டு பாஸுக்கு வந்தவன்தான். வந்ததும் 28 மி.மீ.க்கு மேல் விட்டமுள்ள ஒன்றை எடுத்தேன். முதல் நாளே பெடல் பி ஃப்ளாட் என்ற அடிமட்டக் கீழ் ஸ்வரம் தாராளமாகக் கொட்டியது, அதிலேயே மயங்கிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து ஒத்திகையில் முக்கால் மணி நேரம் போனதும் உதடு சோர்ந்து, நடு ஸ்தாயி கலங்கி, சுருதி இறங்கத் தொடங்கியது. ஆர்கெஸ்ட்ராவில் நமக்கு வரும் பகுதியில் பெரும்பங்கு அந்த நடு ஸ்தாயிதான். பெடல் நோட் எப்போதாவதுதான் வரும்.

கப், அதாவது மவுத்பீஸின் கிண்ணம், அகலமானால் ரிம்முக்குள் (விளிம்புக்குள்) அதிக உதடு அதிரும். கீழே இறங்க அது உதவும், ஆனால் அத்தனை உதட்டையும் தசைதான் பிடித்து நிற்க வேண்டும், மூச்சும் கூடுதலாகச் செலவாகும். 5ஜி சுமார் 25.5 மி.மீ., 1½ஜி சுமார் 27. ஒன்றரை மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். உதட்டுக்கு அது பெரிய மாற்றம்.

எண்களில் ஏமாற வேண்டாம். பாக்கில் எண் குறைந்தால் அளவு பெரிது, ஷில்கி (Schilke) கம்பெனியில் எண் கூடினால் பெரிது. விட்டத்தை எந்த இடத்தில் அளக்கிறார்கள் என்பதும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஷாங்க்கையும், அதாவது கருவிக்குள் செருகும் தண்டையும், பாருங்கள்: இன்றைய பாஸ் டிராம்போன்களுக்குப் பெரிய ஷாங்க் வேண்டும், செருகினால் ஆடாமல் உட்கார வேண்டும்.

சோதிக்கும்போது உரக்க ஊதிப் பார்ப்பதால் ஒன்றும் தெரியாது. மெதுவான ஒரு மெட்டை நடு ஸ்தாயியில் மிகச் சன்னமாக வாசியுங்கள், அப்புறம் அதையே ஒரு ஸ்தாயி கீழே, வால்வ் (கூடுதல் குழாயைத் திறக்கும் விசை) போட்டு. ஒலி இரண்டு இடத்திலும் ஒரே ஆளுடையதாக இருக்கிறதா? இதைப் பயிற்சி முடிந்து உதடு களைத்திருக்கும்போதும் செய்யுங்கள், எனக்கு மிகவும் உதவிய சோதனை அதுதான். முடிந்தால் ஒருவரை அறையின் மறுகோடியில் நிற்கச் சொல்லுங்கள். நம் காதுக்குச் செழிப்பாகக் கேட்பது அங்கே மொத்தையாகப் போய்ச் சேரலாம்.

ஒரு வருடம் கழித்தும் கீழ் ஸ்வரங்கள் இறுகினால் 1¼ஜி-க்குப் போகலாம். நான் அப்படித்தான் போனேன், இன்றும் அதில்தான் வாசிக்கிறேன்.