பழத்தில் ஒட்டிய சருகு

கேள்வி: மாடித் தொட்டியில் மாதுளை வளர்க்கிறேன். போன வாரம் ஓர் இரவு, பழத்தில் காய்ந்த இலை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. தட்டிவிடப் போனால், பளிச்சென்று ஆரஞ்சு நிறம் தெரியப் பறந்துவிட்டது! காலையில் பழத்தில் ஊசி குத்தியதுபோல ஓட்டை. என்ன பூச்சி சார் அது? மருந்து அடிக்கலாமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: வந்துபோனது யூடோசிமா என்ற பேரினத்து அந்துப்பூச்சி. பழம் உறிஞ்சும் அந்துப்பூச்சி என்றால் தோட்டக்காரர்களுக்குத் தெரியும். சிறகை விரித்தால் உள்ளங்கை அகலம் வரும். முன்சிறகு அசல் சருகு. அதற்கடியில் ஒளித்துவைத்திருக்கும் பின்சிறகுதான் நீங்கள் பார்த்த ஆரஞ்சு. அதன் நடுவே கறுப்புப் பொட்டு வட்டமாக இருந்தால் மட்டர்னா என்ற இனம். கமா போல வளைந்திருந்தால் ஃபலோனியாவாகவோ, அதன் பங்காளி ஹோமேனாவாகவோ இருக்கும்.

பெரும்பாலான அந்துப்பூச்சிகளின் உறிஞ்சுகுழல் தேன் குடிக்கத்தான் லாயக்கு. இதற்கோ நுனி கெட்டியாகி, முள் வைத்து, மாதுளைத் தோலையே துளைத்துவிடும். குடிக்கும் சாறு கொஞ்சம்தான். ஓட்டை வழியே பூஞ்சை புகுந்து அழுகவைப்பதுதான் நஷ்டம்.

வேடிக்கை என்னவென்றால், இதன் புழு மாதுளைப் பக்கமே வராது. அதற்குச் சாப்பாடு சீந்தில் கொடி. சின்ன வயதில், எங்கள் வீட்டு வேம்பில் படர்ந்த சீந்திலைப் பறிக்க ஏறினேன். கறுப்பாக ஒன்று, பெரிய கண்களோடு முறைத்தது. “பாம்புக்குட்டி!” என்று கத்திக்கொண்டு குதித்ததில் முழங்காலில் விழுந்த தழும்பு இன்னும் இருக்கிறது. அது கண்ணே இல்லை, விலாவில் இருக்கும் வட்டம்! நிஜத் தலையைக் கீழே மடக்கிக்கொண்டு, பின்பக்கத்தைத் தூக்கி நிற்கும். குருவியே பயப்படும்போது நான் எம்மாத்திரம்?

ஆகவே மருந்து வேண்டாம். எங்கோ வளர்ந்து, இரவில் வந்து, தோலுக்குள் இருக்கும் சாற்றைக் குடித்துப்போகிற பூச்சிக்கு மேலே தெளித்து என்ன பயன்? பழுக்கத் தொடங்கும் முன்பே காகிதப் பை கட்டுங்கள். விழுந்த பழத்தை உடனே எடுத்துவிடுங்கள். அந்த வாசனைக்குத்தான் கூட்டம் சேரும். சீந்திலையே பிடுங்கச் சொல்லும் கையேடுகளும் உண்டு. தொட்டியில் காய்க்கும் நாலு மாதுளைக்காக அதைச் செய்ய எனக்கு மனசு வராது.

அப்புறம், குத்துப்பட்ட அந்த ஒரு பழத்தை மட்டும் செடியிலேயே விட்டுவையுங்கள். டார்ச்சில் சிவப்புத் தாள் சுற்றிக்கொண்டு இரவு போய்ப் பார்த்து, பொட்டு வட்டமா, கமாவா என்று எழுதுங்கள்.