பெங்களூர் குளிரால் முடக்குவாதம் வருமா? சென்னைக்கே திரும்பிவிட்டால் சரியாகுமா?

நீங்கள் எழுதியதை வைத்துச் சொல்கிறேன்: 34 வயது, சென்னையிலிருந்து இங்கே வந்து மூன்று வருடம், காலையில் விரல் மடங்க ஒரு மணி நேரம் ஆகிறது, டாக்டர் முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்ற மூட்டு நோய்) என்கிறார், மாமியார் இந்த ஊர்க் குளிர்தான் காரணம் என்கிறார்.

எனக்கு இது வந்து ஒன்பது வருடம் ஆகிறது. இதே பெங்களூரில், அல்சூரில் இருக்கிறேன். என்னிடமும் எல்லோரும் குளிரைத்தான் சொன்னார்கள். குளிரில் வலி கூடுதலாகத் தெரியும், டிசம்பரில் ஊறுகாய் பாட்டிலைத் திறக்க எனக்கு ஆள் வேண்டும். ஆனால் நோயை உண்டாக்குவது குளிர் இல்லை. வெயில் கொளுத்தும் வேலூரிலும் இது வருகிறது.

முதல் தடவை போனபோது டாக்டர், "உங்கள் அப்பா என்ன வேலை பார்த்தார்? வீட்டில் யாராவது பீடி பிடிப்பார்களா?" என்று கேட்டார். வலி எனக்கு, அப்பாவைப் பற்றி எதற்குக் கேட்கிறார் என்று எரிச்சல்தான் வந்தது.

அப்பா கோலார் தங்கவயலில், பூமிக்கடியில் பாறை துளைத்தவர், பீடியும் பிடிப்பார். அந்தத் தங்கம் குவார்ட்ஸ் கல்லோடு கலந்து கிடப்பது. துளைத்தால் பறப்பது சிலிக்கா தூசி. அதனால் நுரையீரல் கெட்டுப்போவது நாங்கள் இருந்த தொழிலாளர் லைனில் எல்லா வீட்டுக்கும் தெரியும். அப்பாவின் விரல்கள் கோணிப்போனதை மட்டும் யாரும் அதோடு சேர்த்துப் பார்க்கவில்லை. "தண்ணியில நின்னு வேலை செஞ்ச உடம்பு" என்று விட்டுவிட்டோம். 2001இல் சுரங்கத்தை மூடியபோது அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டது அம்மாதான்.

1953லேயே கேப்லன் என்ற மருத்துவர் வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் முடக்குவாதமும் நுரையீரல் கட்டிகளும் சேர்ந்து இருப்பதைக் கவனித்து எழுதியிருக்கிறார். புகையோ தூசியோ நுரையீரலை அரிக்கும்போது, அங்கே உள்ள சில புரதங்கள் உருமாறுகின்றன. உடம்பு அவற்றை அந்நியன் என்று நினைத்து எதிர்ப்பொருள் தயாரிக்கிறது. அந்த எதிர்ப்பு பிறகு மூட்டுகள் மேலும் திரும்பிவிடுகிறது. ஆன்டி-சிசிபி என்று டாக்டர் எழுதித் தரும் ரத்தப் பரிசோதனை அதைத்தான் தேடுகிறது. மூட்டு வீங்குவதற்குப் பல வருடம் முன்பே அது ரத்தத்தில் இருக்கலாம். அப்படிப் பார்த்தால் உங்களுக்கு இந்த ஊருக்கு வருவதற்கு முன்பே தொடங்கியிருக்கவும் வாய்ப்பு உண்டு.

பரம்பரையும் சேர்ந்துதான் இருக்கிறது, ஆனால் அதுவே முழுக் கதை இல்லை. ஒரே மாதிரி இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வருவது சுமார் 15 சதவீதம்தான். பரம்பரையும் புகையும் சேர்ந்தால் வேறு கணக்கு. 2006இல் வந்த ஒரு ஸ்வீடன் ஆய்வில், குறிப்பிட்ட மரபணு வகை தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்து, புகையும் பிடித்தவர்களுக்கு, இந்த எதிர்ப்பொருளோடு வரும் முடக்குவாத ஆபத்து, இரண்டும் இல்லாதவர்களைவிட 21 மடங்கு. அதற்காக, அப்பாவுக்கு தூசியாலும் பீடியாலும்தான் வந்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஒரு தனி ஆளைக் காட்டி இதனால்தான் என்று சொல்ல யாராலும் முடியாது. எனக்கு ஏன் வந்தது என்றும் தெரியாது. நான் புகை பிடித்ததே இல்லை. பெண்களுக்கு இது ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது, அவ்வளவுதான்.

வீட்டில் சிகரெட் இருந்தால் முதலில் அதை வெளியே அனுப்புங்கள். விட்ட பிறகும் ஆபத்து குறைய வருடக்கணக்கில் ஆகும், ஆனாலும் குறையும். ஈறில் ரத்தம் வந்தால் பல் டாக்டரைப் பாருங்கள், ஈறு நோய்க்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. எடை கூடுதல் என்றால் கொஞ்சம் குறையுங்கள். தக்காளி, கத்தரிக்காயை நிறுத்தச் சொல்பவர்களிடம் சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

சென்னை போவது உங்கள் விருப்பம், ஆனால் மருந்தை அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். வீணாகிப் போன மூட்டு திரும்பாது. மெத்தோட்ரெக்சேட் எழுதிக் கொடுத்தால் அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும், தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. அப்புறம், குழந்தை பெற்றுக்கொள்ளும் யோசனை இருந்தால் இந்த மருந்தைத் தொடங்குவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.