அண்ணியின் சீர்க் கட்டிலைக் காயலான் கடைக்குப் போடலாமா?

கேள்வி: சென்னை நங்கநல்லூரில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். 30 நாளில் வீட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டும். அண்ணன் 2018-லும் அப்பா 2021-லும் அம்மா 2024-லும் காலமாகிவிட்டார்கள். யாரும் உயில் எழுதவில்லை. அக்கா கனடாவில் இருக்கிறார். அண்ணியும் அவருடைய 14 வயது மகளும் கோயம்புத்தூரில் இருக்கிறார்கள். எங்களுக்குள் நாலைந்து வருடமாகப் பேச்சு இல்லை. வீட்டில் அப்பா வாங்கிய தேக்குக் கட்டில், ஊஞ்சல், அம்மாவின் ஸ்டீல் பீரோ, அண்ணன் கல்யாணத்தில் அண்ணி வீட்டார் சீராகக் கொடுத்த கட்டில், பீரோ, கிழிந்த சோபா, நான்கு மெத்தைகள், ஓடாத ஃபிரிட்ஜ், பழைய பெட்டி டி.வி. எல்லாம் கிடக்கின்றன. பழைய சாமான் வாங்குபவர் மொத்தமாக 9,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறார். ஆனால் சோபா, மெத்தை, டி.வி. மூன்றையும் தொட மாட்டாராம். ‘ராத்திரியோடு ராத்திரியாகக் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்வார்கள்’ என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அதிகச் செலவும் சட்டச் சிக்கலும் இல்லாமல் எப்படிக் காலி செய்வது?

பதில்: பக்கத்து வீட்டுக்காரருக்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். வீட்டுக் கழிவைத் தெருவிலோ பொது இடத்திலோ வடிகாலிலோ நீர்நிலையிலோ போடக் கூடாது, எரிக்கவோ புதைக்கவோ கூடாது என்று திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016 முதலே சொல்கின்றன. மாநகராட்சி அபராதம் போடலாம். இருட்டில் ஒரு பைக் அந்தச் சோபாவில் மோதினால் விஷயம் அதோடு நிற்காது. பொது வழியில் இடைஞ்சலோ ஆபத்தோ உண்டாக்கியதற்கு, இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-ஆவது பிரிவில் 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. அடிபட்டவர் கேட்கும் இழப்பீடு தனி. ‘யார் வைத்தது என்று எப்படித் தெரியும்’ என்பார் அவர். மூன்று பேர் சேர்ந்து தூக்கினால்தான் நகரும் சோபாவை யார் கண்ணிலும் படாமல் கொண்டு வைக்க நங்கநல்லூரில் இன்று தெரு ஏது? எதிர்வீட்டு வாசலில் கேமரா இருக்கிறது.

உண்மையில் உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குச் சோபாவைப் பற்றிக் கவலை வரவில்லை. அந்த 9,000 ரூபாயைப் பற்றித்தான் வந்தது. யாருக்கும் வேண்டாத பொருளால் வழக்கு வருவது அபூர்வம். விலைபோகும் பொருளால்தான் வரும். எங்கே போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். எது யாருடையது என்று கேட்கவில்லை.

அண்ணியின் சீரிலிருந்து தொடங்குவோம். திருமணத்துக்கு முன்போ, திருமணத்தின்போதோ, பின்னரோ ஒரு பெண்ணுக்கு அன்பளிப்பாக வந்த அசையும் பொருளுக்கும் அவரே முழு உரிமையாளர் என்கிறது 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், 14-ஆவது பிரிவு. இது சீதனம். கணவர் இறந்துவிட்டார், இத்தனை வருடமாக உங்கள் வீட்டில்தான் கிடக்கிறது, அவர் கேட்கவே இல்லை என்பதால் அது உங்கள் குடும்பச் சொத்தாகிவிடாது. சீதனம் கணவர் வீட்டாரிடம் இருந்தால் நம்பி ஒப்படைத்த பொருளாகத்தான் இருக்கிறது என்றும், அதைத் தன்வசப்படுத்தினால் நம்பிக்கை மோசடி வழக்குப் போடலாம் என்றும் பிரதிபா ராணி வழக்கில் 1985-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தக் குற்றத்துக்கு இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆவது பிரிவின்படி ஐந்து ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. உங்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை, கடைசியில் வழக்கு நிற்காமலும் போகலாம். ஆனால் நிற்கவில்லை என்று தெரிய வருவதற்குள் எத்தனை முறை கோயம்புத்தூருக்குப் போய் வர வேண்டியிருக்கும்? காயலான் கடையில் அந்தக் கட்டிலுக்கும் பீரோவுக்கும் தனியாக என்ன தருவார்கள்? மூவாயிரமா? ரயில் டிக்கெட்டுக்குக்கூடப் போதாது.

வாங்குபவரையும் அது விடாது. தனக்கு இல்லாத உரிமையை விற்பவர் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது என்பது 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம். அண்ணி நேராகக் கடைக்காரரிடமே போய் ‘என் பீரோ’ என்று கேட்கலாம்.

அடுத்து, அப்பாவின் கட்டிலும் ஊஞ்சலும். நீங்கள் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவர், அப்பாவைப் பெற்ற பாட்டி 2021-இல் உயிருடன் இல்லை என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். அப்பா காலமான அன்றே அவருடைய பொருள்கள் நான்கு பங்காகிவிட்டன: அம்மாவுக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று, முன்னதாகவே இறந்துபோன அண்ணனின் கிளைக்கு ஒன்று. அண்ணன் கிளையின் பங்கை அண்ணியும் மகளும் சமமாகப் பிரித்துக்கொள்வார்கள். எனவே அந்தத் தேக்குக் கட்டிலில் அண்ணிக்கு எட்டில் ஒரு பாகம் உண்டு. எட்டில் ஒன்றுக்கு நம் பழைய கணக்கில் அரைக்கால் என்று பெயர். நான்கு கால் கட்டிலில் அந்தக் கணக்கு அப்படியே பொருந்துவதைப் பார்த்து நானே சிரித்துக்கொண்டேன். அம்மாவின் பங்கு அவருக்குப் பின் உங்களுக்கும் அக்காவுக்கும் அண்ணன் மகளுக்கும் போகிறது. அம்மாவின் சொந்தப் பீரோவும் அப்படித்தான். மருமகள் என்ற முறையில் அண்ணிக்கு அதில் நேரடிப் பங்கு கிடையாது. ஆனால் மைனர் மகளின் பாதுகாவலராக அவர்தான் சம்மதம் சொல்ல வேண்டும். அசையாச் சொத்து என்றால் மைனரின் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி வாங்கியாக வேண்டும். கட்டில், பீரோவுக்கு அது தேவையில்லை.

ஆக, அண்ணியிடம் பேசாமல் இந்த வீட்டைக் காலி செய்ய வழியில்லை. பேச முடியாவிட்டால் எழுதுங்கள். ஒவ்வொரு பொருளையும் பகலில், நல்ல வெளிச்சத்தில் படம் எடுங்கள். சீர்ப் பொருள்கள் இவை, எந்தத் தேதிக்குள் எடுத்துக்கொள்ளப் போகிறீர்கள், நானே அனுப்பி வைக்கட்டுமா, விற்றுப் பணத்தை அனுப்பட்டுமா என்று கேளுங்கள். மற்ற பொருள்களுக்குக் கடைக்காரர் சொன்ன விலை இது, மகளின் பங்கும் உங்கள் பங்கும் இவ்வளவு, சம்மதமா என்றும் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பி, அதையே ஒப்புகை அட்டையுடன் விரைவு அஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள். பழைய சண்டையைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம். நோட்டீஸ் வாசனை வீசினால் பதிலும் வக்கீல் வழியாகத்தான் வரும், எங்கள் தொழிலுக்கு அது நல்லது. அக்காவிடமிருந்து ஒரு மின்னஞ்சல் போதும். நாற்காலி, மேசை விற்பதற்கெல்லாம் தூதரகத்தில் போய்ப் பவர் எழுதி வாங்க வேண்டியதில்லை.

பதில் வராவிட்டால்? மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், சீர்ப் பொருள் விஷயத்தில் கண்டிப்பாக வேண்டாம். அந்தக் கட்டிலைப் பாகம் பாகமாகக் கழற்றி, பீரோவையும் சேர்த்து எங்காவது பாதுகாப்பாக வைத்துவிட்டு, ‘இந்த முகவரியில் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்’ என்று இரண்டாவது கடிதம் போடுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சமரச மனுக் கொடுக்கலாம். 15100 என்ற எண்ணில் வழி சொல்வார்கள். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு அங்கே இலவச சட்ட உதவி உண்டு என்பதால் அண்ணியும் தயங்காமல் வருவார்.

சம்மதம் கிடைத்த பிறகும் பீரோவை உடனே தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் என் கட்சிக்காரர் ஒருவர் தாயாரின் பீரோவை 1,800 ரூபாய்க்குப் போட்டார். உள் லாக்கரின் சாவி தொலைந்திருந்தது. காலி என்றுதான் நினைத்திருக்கிறார். கடைக்காரர் கட்டரால் அறுத்தபோது மஞ்சள் துணிப் பையில் சுற்றிய மூலப் பத்திரம் உள்ளே இருந்திருக்கிறது. அது பழைய காகிதக் கட்டோடு எங்கோ போய்விட்டது. காவல் நிலையத்தில் புகார், நாளிதழில் விளம்பரம், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று, பதிவு அலுவலகத்தில் சான்றிட்ட நகல் என்று அவர் அலைந்து முடிக்க ஏழு மாதம் ஆனது. கட்டடம் கட்டுபவர் உங்களிடமும் அசல் பத்திரம் கேட்கப் போகிறார். எனவே லாக்கர், ரகசிய அறை, இழுப்பறையின் அடிப்பலகை, மெத்தையின் தையல், ஊஞ்சல் பலகைக்கு அடியில் இருக்கும் பெட்டி எதையும் விடாமல் பாருங்கள். பழைய வைப்புத்தொகை ரசீதும் பங்குப் பத்திரமும் இப்படித்தான் கிடைக்கும். முடிந்தால் சாவிக்காரரை அழைத்து, குடும்பத்தார் ஒருவர் முன்னிலையில் திறங்கள்.

விற்பதில் சட்டம் உங்களை அதிகம் தொந்தரவு செய்யாது. அசையும் பொருளுக்குப் பத்திரப் பதிவு தேவையில்லை. சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த மேசை, கட்டில் விற்ற பணத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. ஆனால் நகை, ஓவியம், சிற்பம் இவற்றுக்கு அந்தச் சலுகை பொருந்தாது. பூஜை அறையில் நூறு வருடத்துக்கு மேற்பட்ட தஞ்சாவூர்ப் படம் ஏதாவது மாட்டியிருந்தால் அதைச் சாமான்களோடு சேர்த்துப் போட்டுவிடாதீர்கள். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தில் அதற்குப் பதிவு முதலிய தனி நடைமுறைகள் இருக்கின்றன. கடைக்காரரிடம் என்னென்ன பொருள், என்ன தேதி, என்ன தொகை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் பணம் பெற்றதற்கு ரசீது கொடுத்தால், தொகை 5,000 ரூபாயைத் தாண்டுவதால் அதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டுங்கள். என் கருத்து கேட்டால், தேக்குக் கட்டிலையும் ஊஞ்சல் பலகையையும் அந்த மொத்த விலையில் சேர்க்கவே கூடாது. பழைய தேக்குக்குத் தனி மதிப்பு. ஒரு தச்சரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு விலை பேசுங்கள். இணையத்தில் விற்பதென்றால், பணம் அனுப்புவதாகச் சொல்லி கியூஆர் கோடு அனுப்புபவரிடம் கவனமாக இருங்கள். பணம் வாங்குவதற்கு நாம் எதையும் ஸ்கேன் செய்ய வேண்டியதும் இல்லை, ரகசிய எண் போட வேண்டியதும் இல்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.

தானம் கொடுப்பதும் எளிது. கையில் ஒப்படைத்தாலே அசையும் பொருளின் தானம் முடிந்துவிடும். ஆனால் முதியோர் இல்லத்து வாசலில் சொல்லாமல் கொண்டு இறக்குவது தானமாகாது. உடைந்த கட்டிலை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்? படம் அனுப்பி, வேண்டுமா என்று கேட்டுவிட்டுக் குட்டியானை வண்டியைப் பேசுங்கள். பொருளாகக் கொடுப்பதற்கு வருமான வரிக் கழிவு கிடைக்காது, அந்த நினைப்பில் கொடுக்க வேண்டாம்.

ஃபிரிட்ஜும் டி.வி.யும் மின்னணுக் கழிவு. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனங்களிடம்தான் அவை போய்ச் சேர வேண்டும். தெருவில் வைத்து கம்ப்ரஸரை உடைத்தால் உள்ளிருக்கும் வாயு வெளியேறும், பெட்டி டி.வி.யின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. புது வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வாங்கப் போகிறீர்கள் என்றால் பழையதை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடுங்கள், அதுதான் மலிவு.

மிச்சம் சோபாவும் மெத்தையும். வீட்டில் வேண்டாத சோபா, மெத்தை, கட்டில் போன்றவற்றைச் சனிக்கிழமைகளில் வந்து எடுத்துச்செல்லும் ஏற்பாட்டைச் சென்னை மாநகராட்சி 2025 அக்டோபரில் தொடங்கியது. 1913 என்ற எண்ணிலோ நம்ம சென்னை செயலியிலோ பதிவு செய்ய வேண்டும். என்னென்ன பொருள், எத்தனை என்று சொல்லிப் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தச் சனிக்கிழமை, கீழே இறக்கி வைக்க வேண்டுமா, ஏதும் கட்டணம் உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். நான்கு மெத்தைகளில் இலவம்பஞ்சு மெத்தை இருந்தால் அதைக் கொடுக்காதீர்கள், மெத்தை தைப்பவர் பஞ்சுக்காக எடுத்துக்கொள்வார்.

அம்மா படுத்திருந்த மெத்தையும் அந்த நான்கில் ஒன்றாக இருக்கலாம். இறந்தவரின் படுக்கையை ஆற்றிலோ தெருமுனையிலோ போட்டுவிடும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. மழைக்கு முன் கால்வாய்களைத் தூர்வாரும்போது வெளியே வரும் மெத்தைகளில் அப்படி வந்தவையும் இருக்கும். சடங்குக்கு ஒரு தலையணை உறையோ போர்வையோ போதும் என்று வீட்டுப் பெரியவர்கள் ஒப்புக்கொண்டால், மெத்தையைச் சனிக்கிழமை வண்டியில் ஏற்றிவிடுங்கள்.

அந்த வண்டிக்குப் பதிவு செய்ய இன்னும் நாள் இருக்கிறது. அண்ணிக்கான கடிதத்தை இன்றே அனுப்புங்கள். 30 நாளில் அவருக்கு யோசிக்க இரண்டு வாரமாவது வேண்டும்.