எலக்ட்ரிக் சூட்கேஸ்ல உக்காந்து ஓட்டலாமான்னு கேட்ட தம்பிக்கு

தம்பி, ஓசாகாவுக்குப் படிக்க வர்றேன், உக்காந்து ஓட்டுற எலக்ட்ரிக் சூட்கேஸ் வாங்கிட்டேன், ஸ்டேஷன்லேர்ந்து ரூம் ஒன்றரை கிலோமீட்டர், ஃபுட்பாத்துல ஓரமா யாருக்கும் தொந்தரவில்லாம மெதுவா ஓட்டிட்டுப் போலாமா அக்கான்னு கேட்டிருந்தீங்க. நான் இங்க வந்து 11 வருஷம் ஆச்சு. ஓட்டாதீங்க தம்பி, தள்ளிட்டுப் போங்க.

இங்க ஜப்பான் சட்டத்துக்கு அது பெட்டி இல்ல, மொபெட். ‘கெண்ட்சுகி’ன்னு சொல்ற சின்ன மோட்டார் வண்டி கணக்குல வருது, அதனால லைசென்ஸ், ஹெல்மெட், நம்பர் பிளேட், இன்சூரன்ஸ், கண்ணாடி, லைட்டுன்னு எல்லாம் வேணும், எல்லாம் இருந்தாலும் ரோட்டுலதான் ஓட்டணும், ஃபுட்பாத்துல ஏறவே கூடாது. 2024-ல ஓசாகாவுலயே ஒரு வெளிநாட்டு மாணவி ஃபுட்பாத்துல ஓட்டிட்டுப் போய், லைசென்ஸ் இல்லாம வண்டி ஓட்டினதா கேஸாகி பிராசிக்யூட்டர் வரைக்கும் போச்சு. விசா நீட்டிக்கிற ஃபார்ம்ல குற்றப் பதிவு இருக்கான்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல எழுதற மாதிரி எதையும் வந்த மாசமே சம்பாதிச்சுக்காதீங்க. எலக்ட்ரிக் ஸ்கூட்டர் ஃபுட்பாத்துல போகுதேன்னு தோணும், அது 2023 ஜூலைல வந்த தனி விதி, பச்சை லைட்டு மினுக்கிக்கிட்டு 6 கிலோமீட்டர் ஸ்பீடுக்குள்ள, அனுமதிச்ச நடைபாதைல மட்டும். உங்க பெட்டிக்கு அது பொருந்தாது.

சட்டத்தை விடுங்க, நீங்க நடக்கிறவங்களப் பத்திக் கேட்டீங்களே, அதுதான் எனக்குப் பிடிச்சது, அதைக் கொஞ்சம் சொல்றேன். என் பொண்ணுக்கு 4 வயசு இருக்கும்போது ஒரு ஏர்போர்ட்ல கையப் பிடிச்சு நடந்துட்டு இருந்தோம், பின்னாடிலேர்ந்து சத்தமே இல்லாம ஒருத்தர் பெட்டில உக்காந்து எங்களத் தாண்டிப் போனார், அந்த ஹேண்டில் சரியா என் பொண்ணு முகத்து உயரத்துல ஒரு சாண் தள்ளிப் போச்சு. அவர் மோசமான ஆள் இல்ல, திரும்பி வந்து மன்னிப்பெல்லாம் கேட்டார். பிரச்சனை என்னன்னா அதுல உக்காந்தா நீங்க எல்லார் இடுப்பு உயரத்துக்கு வந்துடுறீங்க, கூட்டத்துல நடக்கிறவங்க கண்ணு அவ்ளோ கீழ வராது, மோட்டார் சத்தமும் காதுல விழாது. சில மாடல் 13 கிலோமீட்டர் வேகம் போகும், அதாவது ஒரு செகண்டுக்கு மூணரை மீட்டர், நடக்கிறவங்கள விட மூணு மடங்கு, பிரேக்கை நினைக்கறதுக்குள்ள முன்னாடி போறவங்க மேல இருப்பீங்க.

அப்புறம் தரைல நீளமா மஞ்சள் கோடும் புள்ளியும் புடைச்சுக்கிட்டு இருக்குமே, அது பார்வையில்லாதவங்க கால்லயும் கோல்லயும் தடவி நடக்கிற பாதை, 1967-ல இங்க ஒகயாமாங்கற ஊர்லதான் உலகத்துலயே முதல்ல போட்டாங்க. ஓட்டறது இருக்கட்டும், பெட்டிய அது மேல நிறுத்திட்டு போன் கூட பாக்காதீங்க.

நீங்க இறங்கப் போற ஓசாகா பக்கத்து கன்சாய் ஏர்போர்ட்லயும், நகோயா பக்கத்து சூபு ஏர்போர்ட்லயும் உள்ள ஓட்டாதீங்கன்னே கேட்டுக்கிறாங்க. வழில வேற நாட்டு ஏர்போர்ட்ல அனுமதி இருந்தா, காலியான நீள வராண்டால மட்டும், ஆள் நடக்கிற வேகத்துல போங்க. முன்னாடி குழந்தையோ வயசானவங்களோ கோல் வச்சிருக்கவங்களோ தெரிஞ்சா உடனே இறங்கிடுங்க. பெல் அடிச்சு வழி கேக்காதீங்க, இறங்கித் தள்ளினா அவங்க ஒதுங்க வேண்டிய தேவையே இல்ல.

பேட்டரி கழட்டற மாதிரி இருக்கான்னு இன்னிக்கே பாருங்க. பெட்டிய செக்-இன் பண்ணினா பேட்டரியக் கழட்டி கையில எடுத்துட்டுதான் ஏறணும், பேட்டரில தேங்குற மின்சாரத்தோட அளவு 100 வாட்-ஹவருக்கு மேலன்னா ஏர்லைன் அனுமதி வேணும், 160-க்கு மேல போகவே விடமாட்டாங்க.

அந்த ஒன்றரை கிலோமீட்டர்தான் கவலைன்னா, கன்சாய்ல இறங்கினதும் ‘தக்குஹாய்பின்’ கவுன்டர் இருக்கும், பெட்டிய அங்க குடுத்தா வீட்டுக்கே கொண்டு வந்துடுவாங்க, ஒரு நாளைக்கு வேண்டிய துணிய மட்டும் தோள் பையில வச்சுக்கோங்க. பேட்டரி கழட்டின பெட்டிய எடுப்பாங்களான்னு மட்டும் கவுன்டர்ல கேட்டுக்கோங்க.

எந்த ஸ்டேஷன்ல இறங்கப் போறீங்கன்னு சொல்லுங்க, எந்த வாசல்ல லிஃப்ட் இருக்குன்னு பாத்துச் சொல்றேன்.