காரீயக் குண்டை வீட்டில் வார்க்கலாமா? எதை வாங்குவது, எதைத் தவிர்ப்பது?

கேள்வி: அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் வசிக்கிறேன். கிறிஸ்துமசுக்குப் பின் வரும் ஃப்ளின்ட்லாக் (சக்கிமுக்கிக் கல்லின் பொறியால் வெடிக்கும் துப்பாக்கி) பருவத்தில் நண்பர்களுடன் மான் வேட்டைக்குச் செல்வதற்காக, குழல்வாய் வழியே மருந்தும் குண்டும் நிரப்பும் .50 காலிபர் (குழலின் உள்விட்டம் அரை அங்குலம்) துப்பாக்கி ஒன்றை வாங்கியிருக்கிறேன். குண்டுகள் 100 கொண்ட பெட்டியாகக் கடையில் கிடைக்கின்றன. நண்பர்களோ அச்சு வாங்கி வீட்டிலேயே வார்த்துக்கொள்கிறார்கள். நானும் அப்படிச் செய்தால் பணம் மிச்சமாகுமா? என்னென்ன வாங்க வேண்டும்? வீட்டில் நான்கு வயது மகள் இருக்கிறாள்.

பதில்: உங்கள் கேள்வியின் கடைசி வரிக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். வீட்டை ஒட்டிய கார் கொட்டகையைத் தவிர வேறு இடம் உங்களுக்கு இல்லையென்றால், மகள் வளரும் வரை கடைப் பெட்டியையே வாங்குங்கள். காரீயத்தை உருக்கும்போது எழும் ஆவியைக் கண்டுதான் பலரும் அஞ்சுகிறார்கள். குண்டு வார்க்கும் சூட்டில் ஆவி அவ்வளவாக எழுவதில்லை; உருகிய உலோகத்தின் மேல் சாம்பல் நிறத்தில் படியும் கசடுதான் பெரிய ஆபத்து. அது மாவுபோல் நுண்ணிய தூளாக உதிர்ந்து கைக்கும் சட்டைக்கும் செருப்புக்கும் ஏறி, அங்கிருந்து வீட்டுத் தரைக்கு வந்துவிடும். தரையில் தவழ்ந்து விளையாடி, கையை வாயில் வைக்கும் வயதுக் குழந்தைக்கு அது நேராக உள்ளே போகும். குழந்தைகளின் இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் காரீயம் இருந்தாலே கவனிக்க வேண்டும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021-இல் அளவைக் குறைத்தது. இது பாதுகாப்பான அளவு என்று பொருளாகாது. குழந்தைகளுக்குப் பாதுகாப்பான காரீய அளவு என்று ஒன்று கண்டறியப்படவே இல்லை.

வீட்டை விட்டுத் தள்ளி, மேற்கூரையும் நல்ல காற்றோட்டமும் உள்ள ஓரிடம் இருக்கிறது, அதற்கென்றே தனிச் சட்டையும் செருப்பும் வைத்து அவற்றை அங்கேயே கழற்றிவிட்டு வர உங்களால் முடியும் என்றால், மேலே படியுங்கள்.

பணக் கணக்கைப் பார்ப்போம். உங்கள் துப்பாக்கிக்குப் பெரும்பாலும் .490 அங்குல விட்டமுள்ள உருண்டைதான் பொருந்தும். அதைச் சுற்றி வரும் மசகிட்ட துணி மீதி இடைவெளியை நிரப்பும். தூய காரீயத்தில் அந்த உருண்டை ஏறத்தாழ 177 கிரெயின், அதாவது பதினொன்றரை கிராம் எடையிருக்கும். ஆகவே 100 உருண்டைக்கு இரண்டரை பவுண்டு காரீயம் வேண்டும். நீங்கள் வாங்கக்கூடிய தூய காரீயத்தின் பவுண்டு விலையை, அனுப்பும் செலவையும் சேர்த்து, இரண்டரையால் பெருக்கிக் கடைப் பெட்டியின் விலையோடு ஒப்பிடுங்கள். அந்த வித்தியாசத்தைக் கொண்டு அச்சுக்கும் உலைக்கும் போட்ட பணத்தை எத்தனை பெட்டியில் மீட்கலாம் என்பது தெரிந்துவிடும். ஆண்டுக்கு ஐம்பது அறுபது முறை மட்டும் சுடுபவருக்கு அந்தப் பணம் பல ஆண்டுகளுக்குத் திரும்பாது. மாதந்தோறும் குறிபார்த்துச் சுடும் பழக்கம் உள்ளவருக்கும், கடையில் கிடைக்காத விட்டம் தேவைப்படும் பழைய துப்பாக்கி வைத்திருப்பவருக்கும்தான் வார்ப்பது உண்மையில் பயன் தரும்.

அச்சு வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். விஸ்கான்சின் மாநிலத்து லீ நிறுவனத்தின் இரட்டைக்குழி அலுமினிய அச்சு கைப்பிடியோடு வருகிறது. விரைவில் சூடேறும், கையில் கனக்காது, புதியவருக்கு அதுவே போதும். லைமன் போன்ற நிறுவனங்களின் இரும்பு அச்சுகள் நெடுநாள் உழைக்கும். ஆனால் கைப்பிடியைத் தனியாக வாங்க வேண்டியிருக்கும், எண்ணெய் பூசாமல் வைத்தால் துருவும் பிடிக்கும். விலையை ஒப்பிடும்போது கைப்பிடியையும் சேர்த்துக் கணக்கிடாமல் ஏமாறுகிறவர்கள் பலர். மின் உலையில் பத்து பவுண்டு கொள்ளளவு தாராளம். அடியில் குழாய் வைத்த உலையை விட, சாதாரண உலையும் வார்ப்புக் கரண்டியுமே உருண்டைகளுக்கு எனக்குப் பிடித்தவை. குழாயில் கசடு சிக்கிச் சொட்டுகிற தொல்லை அவற்றில் இல்லை. வெப்பமானி ஒன்றைக் கட்டாயம் வாங்குங்கள். காரீயம் 327 பாகையில் உருகும். தூய காரீயம் அச்சில் சீராக நிறைய 400 பாகை செல்சியசை ஒட்டிய சூடு வேண்டும். அதற்கு மேல் ஏற்ற ஏற்ற ஆவியும் கசடும் கூடும்.

அச்சு போதிய சூடேறும் வரை வரும் உருண்டைகள் கிழவர் முகம்போல் சுருக்கம் விழுந்து வரும். முதல் பதினைந்து இருபதையும் தயங்காமல் உலைக்கே திருப்பிப் போடுங்கள். அச்சு அளவுக்கு மீறிச் சூடேறினால் உருண்டையின் மேல் பனி படிந்ததுபோல் மங்கல் தெரியும். இரண்டுக்கும் நடுவில், அச்சின் வாயில் ஊற்றிய காரீயம் பளபளப்பாக நின்று, மூன்று நான்கு நொடியில் சட்டென மங்கி உறையும். அப்போது அச்சின் மேல்தகட்டை மரக்கட்டையால் தட்டித் திறந்தால் வெள்ளிக் காசுபோல் மின்னும் உருண்டை விழும். ஆறியபின் ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்துப் பாருங்கள். மற்றவற்றை விடக் குறைந்த எடையுள்ளதற்குள் காற்றுக்குமிழி இருக்கும். அது குறி தவறும்.

தண்ணீரை அந்தப் பக்கமே அண்டவிடாதீர்கள். ஈரமான ஒரு துண்டு காரீயத்தை உருகிய உலைக்குள் அமிழ்த்தினால், அடியில் சிக்கிய நீர் ஒரே கணத்தில் ஆவியாகி, உலையில் இருப்பதை எல்லாம் முகத்தில் வாரி இறைக்கும். முகக் கவசம், தோல் கையுறை, முழுக்கை பருத்திச் சட்டை ஆகிய மூன்றும் விலை பார்த்து விட்டுவிடக்கூடிய பொருள்கள் அல்ல. துப்பாக்கியில் நிரப்பும் கரிமருந்துக் குடுவையை வார்க்கும் இடத்தில் வைக்கவே வைக்காதீர்கள்.

கேள்வி: டயர் கடையில், கார் சக்கரத்தைச் சமன்செய்ய மாட்டும் பழைய சக்கர எடைகளை வாளி நிறையக் குறைந்த விலைக்குத் தருகிறார்கள். அவற்றை உருக்கிக் குண்டு வார்க்கலாமா? வீட்டில் ஓர் ஓட்டை ஈயச்சொம்பும் பழைய கார் பேட்டரியும் இருக்கின்றன. அவற்றையும் சேர்க்கலாமா?

பதில்: மூன்றும் வெவ்வேறு பொருள்கள். நம் பேச்சில் காரீயத்தையும் வெள்ளீயத்தையும் ஈயம் என்ற ஒரே சொல்லால் சொல்வதால் வரும் குழப்பம் இது. ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தில் செய்தது. அது 232 பாகையிலேயே உருகும். வெறும் சொம்பை அடுப்பில் மறந்தவர்களுக்கு இது தெரியும். காரீயத்தோடு வெள்ளீயம் சேர்ந்தால் குண்டு கடினமாகும். குழல்வாய்த் துப்பாக்கிக்கு மென்மையான காரீயமே ஏற்றது; உருண்டை துணியோடு இறுகி உள்ளே இறங்க அந்த மென்மை வேண்டும். அடியில் குழிவுள்ள மினியே வகைக் குண்டுக்கு அது இன்னும் முக்கியம். மருந்து வெடித்ததும் அதன் விளிம்பு விரிந்து குழலின் உட்புறச் சுழல்வரிகளைப் பற்றினால்தான் குண்டு சுழன்று செல்லும். 1857-இல் கொழுப்புத் தடவிய தோட்டாவுக்காக நம் வரலாற்றில் இடம்பெற்ற என்ஃபீல்டு துப்பாக்கியின் குண்டும் மென்காரீயத்தில் ஆனதுதான்.

சக்கர எடைகளில் பிடியால் மாட்டுபவை காரீயத்தைக் கடினமாக்கும் ஆன்ட்டிமனி என்ற தனிமம் கலந்தவை, உங்கள் தேவைக்குக் கடினமானவை. ஒட்டும் எடைகள் பெரும்பாலும் தூய காரீயத்துக்கு அருகில் இருக்கும். நகத்தால் கீறினால் தடம் விழும், சிமெண்டுத் தரையில் போட்டால் கணீரென்று ஒலிக்காமல் மந்தமாக விழும். ஆனால் கலிபோர்னியா போன்ற மாநிலங்கள் காரீய எடைகளைத் தடைசெய்தபின், வாளியில் துத்தநாகமும் இரும்பும் நிறையக் கலந்து வருகின்றன. துத்தநாகம் 419 பாகையில் உருகும். நானே ஒருமுறை சூட்டைக் கவனிக்காமல் ஏற்றி, அது கலந்து கூழ்போல் ஆகிவிட்ட ஓர் உலை காரீயத்தை முழுவதும் இழந்திருக்கிறேன். மலிவாக வந்த வாளி அன்று விலை உயர்ந்ததாகிவிட்டது. எனவே தரம் குறிப்பிட்டு விற்கும் தூய காரீயக் கட்டிகளையே வாங்குங்கள். அமெரிக்க அஞ்சல் துறையின் நிலைக்கட்டணப் பெட்டியில் 70 பவுண்டு வரை ஒரே கட்டணம்தான் என்பதால், கனமான இந்தப் பொருளுக்கு அது நல்ல வழி.

பேட்டரியைத் திறக்கவே திறக்காதீர்கள். அமிலம் ஒருபுறம் இருக்க, அதன் தகடுகளில் உள்ள ஆர்செனிக், ஆன்ட்டிமனி, கால்சியம் ஆகியவை உருக்கும்போதும் பின்னர் அந்தக் கசடில் ஈரம் பட்டாலும் கொடிய நச்சு வாயுக்களை உண்டாக்கக்கூடும். புதிய பேட்டரி வாங்கும் கடையில் கொடுத்துவிடுங்கள். பழையதற்கென வசூலித்த வைப்புத் தொகையைத் திருப்பித் தருவார்கள்.

கேள்வி: வேலை மாறி கலிபோர்னியா செல்கிறேன். அச்சையும் குண்டுகளையும் விற்றுவிட வேண்டுமா?

பதில்: கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்தத் துப்பாக்கியாலும் காரீயக் குண்டு கொண்டு வேட்டையாட முடியாது, குழல்வாய்த் துப்பாக்கிக்கும் விலக்கு இல்லை. அந்தத் தடை வேட்டைக்கானது. குறிபார்த்துச் சுடுவதற்கு மட்டும் என்றால், உங்கள் சுடுதளத்தின் விதியைக் கேட்டறிந்தபின் வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: தமிழ்நாட்டில் என் தந்தையாரிடம் உரிமம் பெற்ற நாட்டுத் துப்பாக்கி இருக்கிறது. அவருக்கு இங்கிருந்து ஓர் அச்சு வாங்கி அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள். இந்தியாவின் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், தோட்டாவின் பாகங்களையும் அவற்றைச் செய்யும் கருவிகளையும் தோட்டா என்பதன் வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. உரிமமின்றித் தயாரிப்பதை அதன் 5-ஆம் பிரிவு தடுக்கிறது. துப்பாக்கி வைத்திருக்கும் உரிமம், தயாரிக்கும் உரிமம் ஆகாது. உங்கள் தந்தையார் தம் உரிமத்தில் குறித்த அளவை உரிமம் பெற்ற கடையில் வாங்கிக்கொள்வதே முறை.